பெயின்ட் அடிக்காத இடம்

கும்மிடிப்பூண்டி
9.3.2003

அன்புள்ள மாப்பிள்ளை அர்ஷத்துக்கு, உன் அக்காள் புருஷன் சஹாபுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அஃப்ஸானாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். பழவேற்காட்டில் உன் வாப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. உம்மா வழக்கம்போல எல்லோரையும் அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். ஷார்ஜாவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

போனில் பேசலாம் என்றால் கார்டு முழுவதையும் அவளே பேசித் தீர்த்துவிடுகிறாள். என் கைக்கு ரிசீவர் வரும்போது லைன் கட்டாகிவிடுகிறது. அதனால் சைக்கிள் விஷயம் இனிமேல் கடிதத்தில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்து வந்துவிட்டேன். நீ வெளிநாடு போன மூன்று வருஷமாக உப்புக்காற்றில் கிடந்திருக்கிறது. மேலே உம்மாவின் பழைய பாய், கீழே கோழிக்கூடை. பஸ் கூரையில் ஏற்றினேன். பொன்னேரியில் இறக்கும்போது கண்டக்டர் அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், பிளாஸ்டிக் சைக்கிளா? கொயந்தைக்கு வாங்கிக்கினு போறியா?" என்றான். விடுவேனா? "கார்பன் ஃபைபர்பா இது. ஏரோப்ளேன் செய்ற ஜாமான்" என்றேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போதைய நிலவரம் இது. கறுப்பு ஃபைபர் குழாய்கள் நல்லபடியாக இருக்கின்றன. அவற்றைக் கோத்துப் பிடித்திருக்கும் அலுமினிய மூட்டுகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. செயின் ஒரே துரு. பிரேக் இல்லை. டயர் தொட்டால் கையோடு வருகிறது. சீட்டுக் கம்பிதான் பெரிய பேஜார், ஃபிரேமுக்குள் அப்படியே இறுகிக் கிடக்கிறது. பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பூவராகவனும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று முறுக்கினோம். டீசல், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஊற்றினோம். அசைந்து கொடுக்கவில்லை.

நீ கவலைப்படாதே. பன்னிரண்டு வருஷமாக சிப்காட்டில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிறவன் கையில் ஒப்படைத்திருக்கிறாய். அதுவும் ஃபைபர், இதுவும் ஃபைபர். நவம்பரில் பெருநாளுக்கு நீ வந்து இறங்கும்போது வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும். அங்கிருந்து என்னென்ன சாமான் அனுப்பலாம் என்று மட்டும் பார்.

உன் நலம் கோரும்
சஹாபுதீன்


ஷார்ஜா
27.3.2003

மதிப்புக்குரிய மச்சானுக்கு, அர்ஷத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் பதினாறாம் நாள் வந்து சேர்ந்தது. நான் நலமாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். இரண்டாவது பொய் என்று அவளுக்கே தெரியும்.

அந்த வண்டி என் கைக்கு வந்த கதையை நான் உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு மெஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர் அதைக் கொண்டுவந்திருக்கிறார். போகும்போது விட்டுப் போய்விட்டார். கம்பெனியை மூடியபோது அது பழைய இரும்புக் கடைக்கு வந்தது. கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஃபிரேமில் எங்கேயும் ஒட்டவில்லை. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளோடு சேர்த்து நிறுத்து என்னிடம் கொடுத்தார். எனக்கும் அதன் அருமை தெரியாது. போன மாதம் எங்கள் சைக்கிள் கடையில் ஒரு பழைய கேட்டலாக்கைப் புரட்டும்போது அதே வண்டியின் படம். 1992ஆம் வருஷத்து மாடல். இங்கே அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

விற்பதற்காகக் கேட்கவில்லை மச்சான். வாரம் முழுக்க மற்றவர்களின் வண்டியைப் பூட்டிக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். சனிக்கிழமை சேறும் சிராய்ப்புமாகத் திரும்பக் கொண்டுவந்து, எப்படி இறங்கினோம் என்று கதை சொல்கிறார்கள். நான் இதுவரை ஒரு மலையிலும் சைக்கிளில் இறங்கியதில்லை. ஊருக்கு வந்ததும் நாகலாபுரம் மலைப்பாதையில் என் சொந்த வண்டியில் ஒரு தடவை இறங்கிவிட வேண்டும். இந்த வருஷம் எனக்கு வேறு ஆசை இல்லை.

முக்கியமான விஷயம். சீட்டுக் கம்பியை எடுக்க நெருப்பு மட்டும் காட்டிவிடாதீர்கள். அந்த ஃபிரேமில் வெல்டிங்கே கிடையாது. குழாயை மூட்டுக்குள் விட்டுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். சூடு பட்டால் பசை விட்டுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அமோனியா ஊற்றி ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் கம்பியை உள்பக்கமாக அறுத்து எடுத்துவிடலாம், கம்பி போனால் போகட்டும்.

வாப்பா, உம்மாவுக்கு என் ஸலாம்.

அன்புடன்
அர்ஷத்


கும்மிடிப்பூண்டி
20.4.2003

அன்பு மாப்பிள்ளைக்கு ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, கத்திரிக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறதோ தெரியவில்லை.

உன் கடிதம் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி கைக்குக் கிடைத்தது. சீட்டுக் கம்பி அதற்கு முன்பே, மார்ச் 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையே வெளியே வந்துவிட்டது. எப்படியோ வந்தது, வந்ததுதானே முக்கியம்.

இப்போது பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதை விரிவாக எழுதாவிட்டால் உனக்குப் புரியாது. பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டினேன். முதலில் நானூறாம் நம்பர் உப்புத்தாள், பிறகு எண்ணூறு, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். பிறகு புட்டி. காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. பிரைமர் இரண்டு கோட். நிறம் எதுவென்று மூன்று நாள் யோசித்தேன். பூவராகவன் சிவப்பு என்றார். சிவப்பு எல்லோரும் அடிப்பது. உன் அக்கா வெள்ளை என்றாள். வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி இருக்கும். கடைசியில் நல்ல பங்கனப்பள்ளி மாம்பழ மஞ்சளைக் கலக்கி எடுத்தேன். மூன்று கோட் அடித்து, மேலே பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் இரண்டு கோட். கம்பெனி ஸ்பிரே துப்பாக்கியை ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கினேன். தூசி விழக்கூடாது என்று தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தேன். சொட்டு வழியவில்லை. கை வைத்தால் வழுக்குகிறது. சீட்டுக்குக் கீழே இருக்கும் மூட்டுப் பக்கம்தான் எல்லா இடத்தையும்விட வழவழப்பு. எங்கே குழாய் முடிகிறது, எங்கே மூட்டு தொடங்குகிறது என்று நீயே கண்டுபிடிக்க முடியாது. வாசலில் காயவைத்தபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரம்மா ஈஸ்வரி, "எங்க ஊட்டுக்காரு ஸ்கூட்டருக்கும் இந்தக் கலர் அட்ச்சிக் குடு பாய்" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சாமான்களை அனுப்பு, பூட்டிவிடுகிறேன்.

சஹாபுதீன்


ஷார்ஜா
11.5.2003

மச்சானுக்கு ஸலாம். உங்கள் சுகமும் அக்காவின் சுகமும் அறிந்து சந்தோஷம். வாப்பாவுக்கு முழங்கால் தைலம் வைத்திருக்கிறேன்.

பழவேற்காடு ஆசீர்வாதம் லீவில் வருகிறார். அவர் பெட்டியில் நம் சாமான்கள் வருகின்றன. பின்கியர் மாற்றி ஒன்று, கட்டைவிரலால் தள்ளுகிற அந்தக் காலத்துக் கியர் ஜோடி, பிரேக் முன்னும் பின்னும், செயின், டயர் இரண்டு, புது சீட்டுக் கம்பி. எல்லாம் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டவை. தொண்ணூற்றிரண்டாம் வருஷ வண்டிக்கு அந்த வருஷச் சாமான்தான் போட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஆசீர்வாதம் தன் மனைவிக்கு வாங்கிய புடவைக்குள் கியரைச் சுற்றி வைத்திருக்கிறார். புடவையில் எண்ணெய் பட்டால் ஏச்சு உங்களுக்குத்தான்.

மஞ்சள் நிறம் நன்றாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கம்பி எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லையே? இன்னொன்று, பூட்டுவதற்கு முன்னால் வெறும் ஃபிரேமை எடை போட்டு எழுதுங்கள். கேட்டலாக்கில் ஒரு கிலோ அறுநூறு கிராம் என்று போட்டிருக்கிறது. பெயின்ட்டுக்காக ஒரு நூறு கிராம் கூடலாம்.

அர்ஷத்


கும்மிடிப்பூண்டி
3.6.2003

அன்பு மாப்பிள்ளைக்கு, நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் உன் அக்கா, "அத்தையே எத்தினி வாட்டி எழுதுவீங்க?" என்கிறாள். அதனால் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆசீர்வாதம் வந்தார். சாமான் எல்லாம் பத்திரம், புடவையும் பத்திரம். தைலத்தை வாப்பா முழங்காலில் தடவிக்கொண்டு, மகன் அனுப்பியது என்று பள்ளிவாசல் வரை காட்டிவிட்டு வந்திருக்கிறார். பூவராகவனும் நானும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து வண்டியைப் பூட்டிவிட்டோம். கியர் மாற்றியைப் பார்த்து அவர், "இன்னா பாய் இது, நண்டு மாதிரி காலை மடக்கிக்கினு தொங்குது?" என்றார். இப்போது அவருக்கு அதன்மேல் ஒரே ஆசை. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டிக் டிக்கென்று கியர் மாற்றிக் காட்டுகிறார்.

எடை போடவில்லை. இங்கே எங்கே போய் எடை போடுவது? கறிக்கடைத் தராசில் ஆட்டுத்தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிடவா? எல்லாம் பூட்டியாயிற்று, இனிமேல் கழற்றுவது வீண் வேலை. தூக்கிப் பார்த்தால் லேசாகத்தான் இருக்கிறது.

மாம்பழம் முடியப்போகிறது. உனக்காக உம்மா மாவடு போட்டிருக்கிறார்.

சஹாபுதீன்


ஷார்ஜா
25.6.2003

மதிப்புக்குரிய மச்சானுக்கு, அர்ஷத்தின் ஸலாம்.

இங்கே வெயிலில் இரும்பைத் தொட முடியவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன். நவம்பர் 22 சனிக்கிழமை காலை சென்னையில் இறங்குகிறேன், பெருநாளுக்கு நான்கு நாள் முன்னால். பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரம். பாதையைப் பற்றி இங்கே வேலை செய்யும் ஊத்துக்கோட்டைக்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். மேலே வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும், இறங்கும்போது ஒரே கல்லும் சரிவும் என்றார்.

எடை வேண்டாம், விடுங்கள். ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். கார்பன் ஃபிரேம் வந்தால் எங்கள் கடையில் முதலில் காசை எடுத்து மூட்டு மூட்டாகத் தட்டிப் பார்ப்போம். பசை நன்றாகப் பிடித்திருந்தால் டிங்கென்று சத்தம் வரும். விட்டிருந்தால் தொப்பென்று செத்த சத்தம் வரும். நீங்களும் கம்பெனியில் தொட்டியை இப்படித்தானே தட்டிப் பார்க்கிறீர்கள்? ஃபைபருக்குள் காற்று அடைபட்டிருந்தால் காதிலேயே கண்டுபிடிப்பீர்கள் என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். சீட்டுக்குக் கீழே உள்ள மூட்டைத் தட்டி, என்ன சத்தம் வந்தது என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

பன்னிரண்டு வருஷக் காது. நல்ல சத்தம் என்று நீங்கள் எழுதிவிட்டால் போதும். நான் வேறு எதையும் பார்க்கமாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு மலையில் இறங்குவேன்.

அர்ஷத்


ஷார்ஜா
18.8.2003

மச்சானுக்கு ஸலாம்.

ஐம்பது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து பதில் இல்லை. போன வாரம் போன் போட்டபோது அக்கா, "நல்லா கீறாரு, வேலைக்கு போய்க்கினுதான் கீறாரு" என்றாள். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டேன். இப்போதுதான் வெளியே போனார் என்றாள். ஆனால் உங்கள் இருமல் கேட்டது.

என்மேல் ஏதாவது வருத்தமா? கடிதத்தில் தவறாக எதுவும் எழுதிவிட்டேனா? சத்தத்தைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுதுங்கள்.

அர்ஷத்


கும்மிடிப்பூண்டி
4.9.2003

அன்புள்ள தம்பி அர்ஷத்துக்கு, அக்கா அஃப்ஸானா எழுதுவது. ஸலாம். எழுத்து என்னுடையது, வார்த்தை உன் மச்சானுடையது. அவருக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை, அதனால் அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் வருவது எல்லாம் நான் சொல்வது. அவரிடம் படித்துக் காட்டும்போது அந்த இடங்களைத் தாண்டிவிடுவேன்.

மாப்பிள்ளைக்கு ஸலாம். நான் பரிபூரண சுகம். (காறை எலும்பு முறிந்து கழுத்தோடு கை கட்டிப் போட்டிருக்கிறது. முழங்கையிலும் முகவாயிலும் தையல்.) ஆகஸ்ட் பதினைந்து லீவு நாள் என்பதால் காலையில் சும்மா காற்று வாங்கலாம் என்று உன் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனேன். (சும்மா இல்லை. உன் காசுக் கடிதம் ஜூலை பத்தாம் தேதி வந்தது. அன்று சாயங்காலம் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். தட்டினார். அதன் பிறகு ஒரு மாதம், வேலை விட்டு வந்ததும் டீ குடிப்பதற்கு முன்னால் தட்டுவதே வேலை. என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போ" என்பார். பதினைந்தாம் தேதி வண்டியை எடுக்கும்போது, "நான் எண்பத்தாறு கிலோ. எனக்கு ஒடையலன்னா அவனுக்கும் ஒடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். எதைச் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.)

கரை மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. (நாய் எதுவும் வரவில்லை. டிராக்டரில் பின்னால் வந்த சின்னதுரை பார்த்திருக்கிறார். மூன்று தடவை மேலே தள்ளிக்கொண்டு போய் மூன்று தடவை இறங்கினாராம். மூன்றாவது தடவை சீட்டு அப்படியே பின்னால் சாய்ந்து, வண்டி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். சின்னதுரைதான் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். "பாய் கீய கெடந்துக்கினு, சைக்கிள் எங்க, சைக்கிள் எங்கன்னு கேக்கறாரும்மா" என்று என்னிடம் சொன்னார்.)

டாக்டர் எட்டு வாரம் என்கிறார். எனக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. சாப்பாடு உன் அக்கா ஊட்டிவிடுகிறாள், ராஜ வாழ்க்கைதான். போனில் உன் அக்கா பொய் சொன்னது நான் சொல்லச் சொன்னதால். அவளைத் திட்டாதே.

(தம்பி, இந்த இடத்தில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். முடித்துவிடவா என்று கேட்டேன். "இரு, இத்தையும் எழுது" என்றார். இனிமேல் நான் நடுவில் வரமாட்டேன்.)

அர்ஷத், சீட்டுக் கம்பிக்கு மார்ச் 23ஆம் தேதி பர்னர் வைத்துச் சூடு காட்டினேன். இரும்பு வேலையில் இறுகிப்போன எதற்கும் அப்படித்தான் செய்வோம். கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே மூட்டில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிடித்துப் பார்த்தால் ஒரு நூல் அளவுக்கு ஆடியது. தொட்டிக்கு ஊற்றும் ரெசின் பசையில் கண்ணாடி நார்ப் பாயை நனைத்து மேலே இரண்டு சுற்று சுற்றினேன். ஆட்டம் நின்றுவிட்டது. மேலே புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தேன். நெருப்பு காட்டாதே என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது பெயின்ட் காய்ந்துவிட்டது. அன்றைக்கே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எடை போட்டேன், இரண்டு கிலோ முந்நூறு இருந்தது. எழுதவில்லை. காசு வைத்துத் தட்டினேன். செத்த சத்தம். அதையும் எழுதவில்லை. நல்ல சத்தம் என்று எழுதவும் கை வரவில்லை.

நீ கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் வண்டியைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

சஹாபுதீன்


ஷார்ஜா
30.9.2003

என் மச்சானுக்கு, அர்ஷத் ஸலாம் சொல்லி எழுதுவது. தோள் எப்படி இருக்கிறது? கட்டு பிரித்துவிட்டார்களா? அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். தாண்டிப் படிக்க இதில் எதுவும் இல்லை.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். உங்கள்மேல் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். அது இல்லை.

உங்கள் பெயின்ட் கடிதம் வந்த மே மாதமே எனக்குத் தெரியும் மச்சான். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் பெயின்ட். அதில் சீட்டு மூட்டுதான் எல்லாவற்றையும்விட வழவழப்பு என்று எழுதியிருந்தீர்கள். தினம் நூறு வண்டி பார்க்கிறவனுக்கு அது போதாதா? நெருப்பு காட்டியிருக்கிறார், மேலே எதையோ சுற்றி மூடியிருக்கிறார் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது. "நெருப்பு காட்டினீர்களா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. எடையைக் கேட்டேன், சத்தத்தைக் கேட்டேன். நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

ஏன் என்றும் எழுதிவிடுகிறேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து, கூரை ஒழுகினாலும் உங்களைத்தான் கேட்பார்கள், வாப்பாவுக்கு எந்த டாக்டர் என்றாலும் உங்களைத்தான் கேட்பார்கள். நான் வெளிநாடு போகலாமா என்றுகூட உங்களைக் கேட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் உங்களிடம் ஒரு பதில் இருக்கும். "எனக்குத் தெரியாது" என்று ஒரு தடவைகூட நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு அற்ப ஆசை. கண்ணை மூடிக்கொண்டு இறங்குவேன் என்று எழுதியது உங்களை நம்பி அல்ல. உங்களைக் குத்துவதற்காகத்தான் எழுதினேன். அதை நீங்கள் நிஜமென்று எடுத்துக்கொண்டு, எனக்குப் பதிலாக நீங்கள் போய் இறங்கியிருக்கிறீர்கள். என் அக்கா தாலியோடு விளையாடியிருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மன்னிப்பு நான்தான் கேட்க வேண்டும்.

ஃபிரேம் போகவில்லை. மூட்டு கழன்றதே தவிர, குழாய் விரியவில்லை என்று அக்காவிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கழன்ற மூட்டை மறுபடி ஒட்டலாம். அதற்கான எபாக்ஸிப் பசை இரண்டு டப்பா, கார்பன் துணி கொஞ்சம், இந்தக் கடிதத்தோடு வருகிறது. உங்கள் தொட்டி ரெசின் இதற்கு ஆகாது. குழாயையும் மூட்டையும் உப்பு போகத் தேய்த்து, காற்று இல்லாமல் ஒட்டிக் காயவிட வேண்டும்.

ஆனால் அலுமினியமும் கார்பனும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பழவேற்காட்டுக் காற்றில் மறுபடியும் உப்புப் பூக்கும். மூட்டு பாதி கெட்டது அதனால்தான், உங்கள் பர்னரால் மட்டும் இல்லை. அதைத் தடுக்க என்ன செய்வது என்று இங்கே யாரும் கவலைப்படுவதில்லை, புது ஃபிரேம் வாங்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரியவில்லை மச்சான். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

கை முழுக்கக் குணமான பிறகு செய்தால் போதும். செய்யாவிட்டாலும் போதும்.

உங்கள்
அர்ஷத்


பழவேற்காடு
21.11.2003

அன்பு மாப்பிள்ளைக்கு, உன் மச்சான் சஹாபுதீனின் ஸலாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை நீ வந்து இறங்கும்போது எனக்கு ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. அதனால் இன்றைக்கே வண்டியை இங்கே கொண்டுவந்து உங்கள் வீட்டு நடையில் நிறுத்தி, கைப்பிடியில் இதைக் கட்டிவிட்டுப் போகிறேன். படித்து முடிக்காமல் வண்டியில் ஏறாதே. உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உன்னை அதட்டச் சொல்லி.

தோள் கூடிவிட்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தே பழகிவிட்டதில் உன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டியிருக்கிறது. நோன்பு இதுவரை ஒன்றும் விடவில்லை.

செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன். பெயின்ட், புட்டி, நான் சுற்றிய நார்ப்பாய் எல்லாவற்றையும் அந்த மூட்டிலிருந்து தேய்த்தே எடுத்தேன், ஒன்பது நாள் ஆனது. உள்ளே அலுமினியத்தில் உப்புப் பொடி இருந்தது, தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினேன். நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தோன்றியது இது. நாங்கள் தொட்டிக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய கண்ணாடித் துணி வைப்போம், வேஷ்டியைவிட மெலிசு. அதில் ஒரு சுற்று பசையில் நனைத்து, குழாய்க்கும் அலுமினியத்துக்கும் நடுவில் வைத்தேன். இரண்டும் தொட்டுக்கொள்ளாது. கண்ணாடியை உப்பு தின்னாது என்பது எனக்குத் தெரியும், அது என் தொழில்.

முதல் தடவை ஒட்டியது கோணல். இரண்டு மில்லிமீட்டர். பார்த்தால் தெரியாது, நூல் பிடித்தால் தெரிந்தது. பெயின்ட் அடித்தால் உனக்கும் தெரிந்திருக்காது. மறுபடி சூடு காட்டிக் கழற்றினேன், இந்தத் தடவை வேண்டுமென்றே. உன் இரண்டாவது டப்பாவைத் திறந்து மறுபடி ஒட்டினேன். நேர் பார்க்கக் கூரைக் கீற்றில் நூல் கட்டித் தொங்கவிட்டேன், ஃபிரேமைப் பூவராகவன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், ஒரு மணி நேரம் மனுஷன் தும்மவில்லை. காய்ந்த பிறகு மேலே உன் கார்பன் துணி ஒரு சுற்று.

எடை போட்டேன். கறிக்கடைத் தராசில்தான், ஆட்டுத்தொடைக்குப் பக்கத்தில்தான். ஒரு கிலோ தொள்ளாயிரம். கேட்டலாக்கில் உள்ளதைவிட முந்நூறு கிராம் அதிகம். அதில் பெயின்ட் ஒரு நூறு இருக்கும். மீதி நான் கூட்டியது, அதற்குமேல் குறைக்க முடியவில்லை.

வண்டி முழுக்க மஞ்சளாக இருக்கிறது, அந்த ஒரு மூட்டு மட்டும் கறுப்பாக இருக்கும். அங்கே பெயின்ட் அடிக்கவில்லை. பெயின்ட் மீதம் இருக்கிறது. பார்க்க ஒட்டுப்போட்ட மாதிரி அசிங்கமாக இருக்கிறது என்று உன் அக்கா சொன்னாள். இருக்கட்டும். விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எண்பத்தாறு கிலோவை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையில் மறுபடி இறங்கிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். உன் அக்கா சைக்கிள் பூட்டின் சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். சாவி உம்மாவிடம் இருக்கிறது.

நாகலாபுரம் மலையில் இது தாங்குமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது மாப்பிள்ளை.

எழுதிவிட்டேன். எழுதி உன் அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சீட்டின் மேல் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருக்கிறேன். எடுத்துத் தட்டிப் பார். நான் கேட்ட சத்தம் என்னவென்று எழுதமாட்டேன், நீ உன் காதால் கேள். நல்லதாகத் தோன்றினால் இறங்கு, நான் கீழே நின்றுகொண்டிருப்பேன். செத்த சத்தம் மாதிரி இருந்தால் வண்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, மலையில் இரண்டு பேரும் நடந்தே ஏறி நடந்தே இறங்குவோம்.

நாளைக்கு நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவேன். பள்ளிவாசல் கஞ்சி வாங்கும்போது எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வை.

சஹாபுதீன்